ஜன்னலுக்கு முந்நூறு யூரோ

மணி இரண்டே கால்.
கெமி நகரில் இன்றைய பகல் முடிந்துவிட்டது.
சமையலறை மேசைமேல் விளக்கைப் போட்டு
கப்பலின் வரைபடத்தை விரிக்கிறேன்.
பதினான்கு தளங்கள்.
தேன்கூட்டைக் குறுக்கே அறுத்ததுபோல்
ஆயிரத்துச் சொச்சம் அறைகள்.
ஜன்னல் இல்லாத அறைக்கு ஒரு விலை.
ஜன்னலுக்கு மேலும் முந்நூறு யூரோ.
பால்கனி என்றால் பேச்சே வேண்டாம்.

ஔலிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு,
"எஞ்சின் எங்கே?" என்கிறான்.

முப்பத்தோரு குளிர்காலம்
பனி உடைக்கும் கப்பலின் வயிற்றில் கிடந்தவன்.
கடல் அவனுக்கு ஒரு சத்தம்,
இரும்புக்கு அந்தப் பக்கம்
யாரோ விடாமல் பல்லைக் கடிக்கும் சத்தம்.
கடலைக் கண்ணால் பார்த்தது
அவனைவிட நான்தான் அதிகம்:
துறைமுகச் சாலையில் காரை நிறுத்தி,
குளிருக்குப் பயந்து அணைக்காமல்,
அத்தனை வெள்ளையில் ஒரு கறுப்புப் புள்ளி
கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலாகும் வரை.

வரைபடத்தில் எஞ்சின் இல்லை.
நீச்சல் குளம் இருக்கிறது, மூன்று.
கல்யாண மண்டபம் இருக்கிறது.
பனிச்சறுக்குத் தளம்கூட இருக்கிறது.
(அதைப் பார்த்து இருவரும் சிரித்தோம்.
கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.)
இவ்வளவையும் எது தள்ளிக்கொண்டு போகிறது என்று
யாரும் ஒரு வரி எழுதவில்லை.
"ஒளித்து வைத்திருக்கிறார்கள்" என்கிறான்
சொந்தக்காரனைக் காணாதவன்போல.

பார்படோஸ். செயின்ட் லூசியா. மார்ட்டினிக்.
பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்க்கிறேன்.
டொமினிகா சொல்ல எளிது,
அங்கே மழை அதிகமாம்.

வெயில் களிம்பு கேட்டதும்
மருந்துக்கடை ரீக்கா கிடங்குக்குள் போனவள்
பத்து நிமிடம் வரவில்லை.
கொண்டுவந்த புட்டியில் போன ஜூலையின் தூசி.
விரல் தெரிகிற செருப்பு வாங்கினேன்.
கம்பளிக் காலுறைமேல் மாட்டி வீட்டுக்குள் நடக்கிறேன்,
பழக வேண்டுமல்லவா.
நீச்சலுடை சானா அறையின் கொக்கியில் தொங்குகிறது.
அது இன்னும் என்னை நம்பவில்லை.

தங்கை இர்மெலி தொலைபேசியில் கேட்டாள்,
"அங்கே போய் என்ன செய்வீர்கள்?"
"ஒன்றும் செய்யமாட்டோம்."
நீண்ட மௌனம்.
"பத்து நாளுமா?"

ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது.
துணி துவைக்கும் இயந்திரம் ஓடினால்தான்
ஔலிஸுக்குத் தூக்கம் வரும்.
அழுக்கே இல்லாத துண்டுகளை
நள்ளிரவில் உள்ளே போட்டுவிட்டு வந்து படுப்பான்.
எங்கள் வீட்டில் எல்லாத் துணியும் வெளுத்தது அப்படித்தான்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலை பயண முகவர் சென்யாவிடம் சொன்னேன்.
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு, விற்கக் கூச்சப்படுபவள்போல்,
இரண்டாம் தளத்தின் கடைக்கோடியைத் தொட்டுக் காட்டினாள்.
"இது யாரும் கேட்காத அறை.
ராத்திரி முழுக்கக் கட்டில் அதிரும்.
போனவர்கள் எல்லோரும் திட்டிக் கடிதம் போட்டார்கள்."
ஜன்னல் உண்டா?
வட்டமாக ஒன்று. திறக்காது.
தண்ணீருக்குச் சற்று மேலே.
விலையில் எவ்வளவு தள்ளுபடி என்றாள்,
நான் காதில் வாங்கவே இல்லை.
முன்பணம் கட்டிவிட்டேன்.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை.
காப்பீட்டுப் படிவத்தை அவன் நிரப்பிக்கொண்டிருக்கிறான்.
'ஆபத்தான தொழில் செய்பவரா?' என்ற கேள்விக்கு
வெகுநேரம் பேனாவை உருட்டிவிட்டு
'முன்பு' என்று எழுதுகிறான்.

கட்டிலில் எந்தப் பக்கம் யாருக்கு என்று
மனதுக்குள் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.
ஜன்னல் பக்கம் நான்.
முப்பத்தோரு வருடம் கரையிலிருந்து பார்த்தவளுக்கு
அவ்வளவு பாத்தியதை உண்டு.

இரவு.
விளக்கை அணைத்துப் படுக்கிறேன்.
சுவருக்கு அப்பால் இயந்திரம் சுற்றத் தொடங்குகிறது.
எழுந்து போய்க் கண்ணாடிக் கதவு வழியே பார்க்கிறேன்:
இன்றைக்குத் துண்டு எதுவும் கிடைக்கவில்லை போலும்.
வட்டமான அந்தச் சின்ன ஜன்னலுக்குள்
நுரையில் முங்கி முங்கி எழுகிறது
என் நீச்சலுடை மட்டும்.