சம்பளம்: இல்லை

ரிஃபாயி கணினி மையத்தில்
மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கொரு முக்காலி.
படிவம் பதினோரு பக்கம்.

பெயர் கேட்கிறது.
கனகாம்புஜம் என்கிறேன்.
குடும்பப் பெயர் தனியாக வேண்டுமாம்.
அப்பா பெயரைப் போட்டதும்
எனக்குப் பின்னால் வந்து நிற்கிறார் குஞ்சுபிள்ளை,
உயிரோடிருந்தவரை
முன்னால் மட்டுமே நடந்தவர்.

தொழில்: மோட்டாருக்குக் காயில் கட்டுவது.
"வைண்டிங்னு போடவா அக்கா?"
போடு.
திருத்துறைப்பூண்டி ரயிலடிக்கு இந்தப் பக்கம்
நீர்மூழ்கி மோட்டார் எது எரிந்தாலும்
என் கடைக்குத்தான் வரும்,
டிவிஎஸ் பின்னால் கட்டி, சேறு சொட்டச் சொட்ட.

சான்றிதழை ஸ்கேன் செய்கிறான்.
நாகப்பட்டினம் ஐடிஐ.
புயலன்று ஓடு பறந்து பெட்டியோடு நனைந்தது.
முத்திரையின் நீலம் இறங்கி
பிரின்ஸ்பால் கையெழுத்தைக் குடித்துவிட்டது.
தெளிவாக இல்லை என்று சிவப்பில் சொல்கிறது திரை.
தெளிவாகத்தான் இருக்கிறது,
அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் வந்ததென்று.

சம்பளம் என்ற இடத்தில் ரிஃபாயி நின்றுவிட்டான்.
மேலே போனான், கீழே வந்தான்.
"அக்கா, இதுல சம்பளமே இல்ல.
சோறு, தங்க இடம், கைச்செலவுக்குக் கொஞ்சம்."
தெரியும்.
"ஏஜெண்ட் ஏமாத்துறானா?"
ஏஜெண்டே இல்லை.
"ஏஜெண்ட் இல்லாம ஒரு சபுரா!"

அவன் வாப்பா குவைத், மாமா புருனே,
அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் துருவைச் சுரண்டுகிறான்.
முத்துப்பேட்டையிலிருந்து மன்னார்குடி வரை
வெளிநாடு என்ற சொல்லைப்
பவுன் தராசில்தான் நிறுப்பார்கள்.
மலாவி எங்கே என்று தேடிப் பார்த்தான்.
"கடலே இல்லாத நாடுக்கா" என்றான்,
மாப்பிள்ளை வீட்டில் குறை கண்டுபிடித்தவன் போல.

அங்கே கிணறு உண்டு, மோட்டாரும் உண்டு,
எரிந்தால் கட்டத் தெரிந்தவர் இல்லாமல்
கொட்டகையில் குவிந்து கிடக்கின்றன
என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள்.
சேவை, மானுடம் என்றெல்லாமும் போட்டிருந்தது.
எனக்குத் தூக்கம் போனது
அந்தக் கொட்டகையால்தான்.

எட்டாம் பக்கம்.
நீங்கள் தோற்ற ஒரு தருணத்தை விவரிக்கவும்.

நான் சொல்லச் சொல்ல அவன் ஆங்கிலத்தில் அடித்தான்.
கோட்டகம் சிவக்கொழுந்துவின் மோட்டார்.
ஆவணி. குறுவை பால் பிடிக்கும் நேரம்.
ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை.
வாசலிலேயே நின்றார் மனுஷன்.
வார்னிஷ் காயுமுன் மூடிக் கொடுத்தேன்.
அன்று ராத்திரி இரண்டு மணிக்கு எரிந்தது.
திரும்பக் கட்டி இறக்க ஆறு நாள்.
ஒன்பது மா.
கூலியைத் திருப்பிக் கொண்டுபோனேன்.
வாங்கவில்லை, திட்டவுமில்லை.
இப்போதும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால்
குனிந்து சைக்கிள் மணியைத் துடைக்கிறார்.

படிச்சுக் காட்டு என்றேன்.
தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசி வரி:
இத்தோல்வியிலிருந்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன்.
நான் சொல்லலையே.
"எல்லாரும் அப்படித்தான்கா முடிப்பாங்க."
அழி.
கத்துக்கிட்டேன்னு போடாத.
பயிரு பதராப் போச்சுன்னு போடு.
அதோட நிறுத்து.

எந்த மாதம் முதல் வர இயலும்?
சம்பா அறுத்து மோட்டார்கள் ஓயும் மாசி
பட்டியலில் இல்லை.
பிப்ரவரியைத் தொட்டேன்,
பாதி மாசி அதில் இருக்கிறது.

அவசரத்துக்கு ஒருவர் எண் கேட்டது.
கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு
ரிஃபாயி நம்பரைப் போடச் சொன்னேன்.
"என்னதையா?"
நீதான்டா கூப்பிட்டா எடுக்கிற.

அனுப்பு என்பதை அவன் அழுத்தும்போது கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்தக் கத்த
ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி
'பெறப்பட்டது' என்றது.

அறுபது ரூபாய்.
"நாப்பது போதும்கா, சம்பளமில்லாத சபுருக்கு."
அறுபதையும் மேசையில் வைத்தேன்.
சேவைக்குப் போறது நான்தான்.
நீ கடை நடத்து.