ஐம்பது காசு நிழல்

சிலிம் ரிவர் பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே
ஃபோட்டோஸ்டாட் கடையின் பின்மேசை என்னுடையது.
வெட்டி எடுத்த படம் ஒன்றுக்கு இரண்டு வெள்ளி.
வெள்ளைப் பின்னணி அதற்குள் அடக்கம்.
நிழல் வேண்டுமென்றால் ஐம்பது காசு கூட.

நாகரத்தினம் அக்கா நிழல் வேண்டாமென்றார்.
பதினோரு பாத்திரம். விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார்.
"அஞ்சு வெள்ளி அம்பது காசு, தம்பி.
அதுல நானும் மவனும் பசியாறிடுவோம்."

படங்கள் வாட்ஸாப்பில் வந்தன.
எல்லாம் எவர்சில்வர்,
எல்லாம் லயத்து வாசலில், சிமெண்டுத் தரையில்,
ஆறு மணி வெயிலில் எடுத்தவை.
ஒவ்வொன்றின் பின்னாலும்
அதைவிட நீளமாக ஒரு நிழல் கிடந்தது,
தரை வெடிப்பில் ஒருமுறை ஒடிந்து
யாரோ கழற்றிப்போட்ட செருப்பின்மேல் ஏறி இறங்கி.

மரச்சாமான் என்றால் சீக்கிரம் வெட்டலாம்.
எவர்சில்வருக்கு ஓரம் கிடையாது.
விளிம்பில் தரை ஏறி வந்துவிடும்.
எவ்வளவு பெரிதாக்கினாலும்
எது பாத்திரம் எது சிமெண்டு என்று சொல்லாது.
புள்ளி வைத்து, புள்ளி வைத்து,
கைப்பிடிக்குள் ஒரு வளையம்,
மூடிக் குமிழின் கீழே ஒரு பிறை.

ஏழாவது, பொங்கல் பானை.
சுற்றி வெட்டி முடித்த பிறகும்
அதன் வயிற்றில் அக்கா நின்றார்.
கஃப்தான், தலையில் ஈரத்துண்டு,
வெயில் முதுகில் என்பதால் முகம் இருட்டு.
இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தார்,
சூடான டம்ளரைப் பிடிப்பதுபோல.
அவருக்குப் பின்னே வில்லாக வளைந்த கொடிக்கம்பி,
ஒரு பள்ளிச் சட்டை,
முன்சக்கரம் கழற்றிய கப்சாய்,
எல்லாவற்றுக்கும் பின்னே
நகக்கண் அளவுக்குச் செம்பனை.

பொருளைத் தவிர வேறெதுவும் தெரியக்கூடாது.
விற்பனைத் தளத்தின் விதி அது, என்னுடையதல்ல.
செம்பனை முதலில் போனது.
சட்டை, கப்சாய், கம்பி.
அக்காவுக்குத்தான் நேரமானது.
சாம்பல் நிறத்தை அப்படியே பூசினால்
பானை நசுங்கியதுபோல் இருக்கிறது.
பக்கத்து வெளிச்சத்தைச் சொட்டுச்சொட்டாகக் கடன் வாங்கி
துண்டில் தொடங்கினேன், கைகளில் முடித்தேன்.
போனை மட்டும் ஒரு கறுப்புக் கீற்றாக விட்டுவைத்தேன்.
பளபளப்புக்கு அது தேவைப்பட்டது.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.
"தம்பி, பானை மெதக்குதுலா.
அடுப்புல வச்சா நிக்குமான்னு கேப்பாங்க.
கீழ ஏதாச்சும் போடு."
ஏதாச்சும் என்றால்?
"அதான்… நா வேணாம்னு சொன்னது."

நிழல் செய்வது இப்படி:
பானையை இன்னொன்று எடுத்து
கறுப்பாக்கி, படுக்கவைத்து, சாய்த்து இழுத்து,
தூரம் போகப்போக மங்கவிட வேண்டும்.
அடியில், பானை தரையைத் தொடும் இடத்தில்
தலைமுடி அளவுக்கு ஒரு கோடு.
அந்தக் கோடு இல்லாவிட்டால்
மற்றதை யாரும் நம்பமாட்டார்கள்.

வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்க
அக்கா அனுப்பிய படத்தைத் திரும்பத் திறந்தேன்.
அவர் முதுகுப் பக்கம், கொஞ்சம் இடதாக.
வெடிப்பு இருந்தது, செருப்பு இருந்தது.
கீழ் மூலையில்
நேற்று நான் பார்க்காமலே வெட்டிப்போட்ட
இன்னொரு நிழலின் நுனி:
துண்டு கட்டிய ஒரு தலை,
பானையைத் தொட ஒரு சாண் குறைவு.

என் நிழல் வழவழவென்று விழுந்தது.
அதற்கு ஏற ஒரு செருப்பில்லை.

அக்கா திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.
"ஆங், உக்காந்துருச்சு."
பிறகு, பானையின் வயிற்றைக் காட்டி,
"இதென்ன, கறுப்பா?"
உங்கள் போன், என்றேன்.
தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.
"என் போனு நீலக் கவர்ல தம்பி."

ஐந்து வெள்ளித் தாளை நீவி வைத்தார்.
அதன்மேல் ஒரு ஐம்பது காசு.
கடையில் மூன்று ட்யூப்லைட்.
அந்தக் காசுக்கு மூன்று நிழல்,
மூன்றும் சும்மா.