வெள்ளைப் படிவு

பிற்பகல் மூன்று மணிக்கு அல்சூர் ஏரி
பதினான்கு என்றது.
லிட்டருக்குப் பதினான்கு மில்லிகிராம் ஆக்சிஜன்.
மலை ஓடைக்கே எட்டு, மிஞ்சினால் ஒன்பது.
படிவத்தில் 'நன்று' என்று எழுதினேன்.
ஏழு வருடம், மாதம் ஒருமுறை, எல்லாம் பகலில்,
ஆபீஸ் ஜீப் கிடைக்கிற நேரத்தில்.

அந்த ஏழு வருடத்தில் மூன்று முறை
மீன் செத்துக் கரை ஒதுங்கியது.
மூன்று முறையும் என் கையெழுத்தைக் காட்டித்தான்
தண்ணீரில் குறையில்லை என்றார்கள்.

ஆய்வுக்கு வந்த சௌபர்ணிகா மேடம்
என் ஃபைல்களை ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு
ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:
வெயில் இல்லாதபோது அளந்ததுண்டா?

நாலு நாற்பது.
கென்சிங்டன் சாலையில் பால் வண்டி மட்டும்.
படகில் நானும் இருசப்பனும்.
துடுப்பு விழும் சத்தமே வேறாக இருந்தது,
ஆறிப்போன கூழில் கரண்டி விழுவதுபோல.
டார்ச் வெளிச்சத்தில் பச்சை,
யாரோ பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு
கலக்காமல் போனதுபோல் திட்டுத் திட்டாய்.
லென்ஸின் அடியில் இது அழகு.
நாய் குடித்தால் கல்லீரல் போகும்.

கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கினேன்.
ஒரு சாண் போகவில்லை,
காணோம்.

சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்கள்.
மழை என்று கையை நீட்டினேன்.
மழை இல்லை.
வாய்கள்.
நூற்றுக்கணக்கான வாய்கள்
நீரின் தோலை உள்ளிருந்து முட்டித் திறந்தன.
இருசப்பன் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

குமிழி நுழையாமல் புட்டியை நிரப்ப வேண்டும்.
ஒரு குமிழி போதும்,
இல்லாத மூச்சை இருப்பதாகச் சொல்லிவிடும்.
மாங்கனீஸ் சல்ஃபேட் இரண்டு மில்லி.
அயோடைடு காரம் இரண்டு மில்லி.
மூடித் தலைகீழாய்ப் புரட்டினால்
ஆக்சிஜன் உள்ள தண்ணீர்
டிகாஷன் மண்டிபோலப் பழுப்பாய்ப் படியும்.
காலேஜிலும் ஆபீஸிலும் நான் பார்த்ததெல்லாம் பழுப்பு.
சில நாள் வெளிர்ப் பழுப்பு, அவ்வளவுதான்.

இது வெள்ளை.

கை நடுங்கியிருக்கும் என்று
இன்னொரு புட்டி எடுத்தேன்.
அதுவும்.

"மத்தியானம் இருந்தது எங்க போச்சு மேடம்?"

குடுத்ததே இந்தப் பாசிதான், என்றேன்.
வெயில் இருக்கிறவரைக்கும் குடுக்கும்.
இருட்டினா மூச்சுக்கு அதுவே திருப்பி எடுத்துக்கும்.
செத்து அடியில விழுந்ததுங்க,
அதுங்க அழுகுறதுக்கும் வேணும்.

அவர் சிரிக்கவில்லை.
"மீட்டர் வட்டி" என்றார்.
மகள் ஃபீஸுக்கு வாங்கிய பத்தாயிரம்.
காலையில் கையில் வைத்து எண்ணியவனே
சாயங்காலம் வாசலில் வந்து நின்றானாம்,
பைக்கை அணைக்காமல்.
அறிக்கையில் இதற்கு ஆறு பக்கமும்
மூன்று வரைபடமும் ஆயின எனக்கு.

சாப்பர்ஸ் முகாமில் பியூகிள் ஊதினார்கள்.
குருத்வாராப் பக்கம் வானம் வெளுத்தது.
மீட்டரைக் கயிற்றில் விட்டுக் காத்திருந்தோம்.
0.0
0.0
அரை மணி கழித்து
0.1
பாசி வேலைக்கு வந்துவிட்டது, யாருக்கும் பதில் சொல்லாமல்.
தப்பித்த மீன்கள் ஒவ்வொன்றாய் இறங்கின.
தப்பிக்காதவை பக்கவாட்டில் திரும்பி
வெள்ளையாய்
மிதக்கத் தொடங்கின.

படிவத்தைப் பிரித்தேன்.
இடத்துக்குக் கட்டம் உண்டு. தேதிக்கு உண்டு.
நிறம், வாடை, மாதிரி எடுத்தவர் பெயர்.
நேரத்துக்கு இல்லை.
ஏழு வருடம் அதை நான் தேடவும் இல்லை.
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே,
4.52 என்று எழுதினேன்.

ஆபீஸிலிருந்து போன்:
மூன்று மணிக்கு ஜீப் ரெடி, வழக்கமான மாதிரி.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.
மடியில் இரண்டு புட்டிகள்.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
வெள்ளை கலைந்து எழும்பி
மெல்ல மறுபடி
அடியில் உட்கார்ந்தது.