பத்து நாள் சந்தேகம்

விழும்போது கை முந்திக்கொள்கிறது.
யாரும் சொல்லித் தருவதில்லை.
துறைமுகத்தில் ஐஸ் உருகிய தரையில் வழுக்கி,
கூடையை விட்டு,
உள்ளங்கை ஊன்றி விழுந்திருக்கிறாள்
தில்லைநாயகி, முப்பத்தாறு, சோனங்குப்பம்.
கடலூர் அரசு மருத்துவமனை, விடிகாலை நாலே கால்.

வீக்கம் ஏறுமுன் வளையலைக் கழற்றச் சொன்னேன்.
சோப்பு தடவி நர்ஸ் ஜெசிந்தா நாலைக் கழற்றினார்.
ஐந்தாவதை உடைக்க விடவில்லை அவள்,
நெளித்து நெளித்துத் தானே எடுத்தாள்.

நகத்தை அமுக்கி விட்டேன், ரத்தம் திரும்பியது.
விரல் நுனிகளில் மரமரப்பு இல்லை.
கட்டைவிரலை விரித்தால் அடியில் ஒரு குழி விழும்,
அந்தக் காலத்தில் மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய இடம்.
அங்கே என் ஒற்றை விரல்.
அவள் கத்தவில்லை.
சங்கரா மீன் விலை சொல்லிக்கொண்டிருந்தவள்
பாதியில் நிறுத்தினாள்.

படம் வந்தது. நாலு கோணத்திலும் சுத்தம்.
"அதான் ஒண்ணுமில்லையே, ஊசி போட்டு அனுப்புங்க,
ஏலம் ஆரம்பிச்சிருக்கும்."

அந்தக் குழிக்குள் இருப்பதற்குப்
படகெலும்பு என்று பெயர்.
அதற்கு ரத்தம் எதிர்முனையிலிருந்து நுழைகிறது,
ஓதத்தில் உப்பனாற்றுக்குள் கடல் ஏறுவதுபோல.
நடுவில் விரிசல் விட்டால்
உள்பக்கம் காயத் தொடங்கும்.
முதல் நாள் படம் அதைக் காட்டாமலும் போகும்.

மூன்று வருஷம் முன்பு ஒரு கொத்தனாரிடம்
"சுளுக்குதான்" என்று சொன்ன வாய் இது.
எட்டாம் மாதம், கரணை பிடிக்க முடியாமல்,
அதே சீட்டை என்னிடமே நீட்டினார்.
கோபப்படக்கூட இல்லை.

"படத்தில் இல்லை, கையில் இருக்கலாம்" என்றேன்.
"இல்லாததுக்கு மாவுக்கட்டா?"
"சந்தேகத்துக்கு."
கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டினோம்.
பத்து நாள், தண்ணீர் படாமல், கூடை தூக்காமல்.

பன்னிரண்டாம் நாள் மழையோடு வந்தாள்.
கட்டின் ஓரம் நைந்து,
பஞ்சுக்குள் இரண்டு மூன்று செதில்கள்.
நான் கேட்கவில்லை.
வெட்டி எடுத்து, மறுபடி படம்,
குழியில் மறுபடி விரல்.
வலியில்லை. கோடில்லை.
எனக்குப் பெருமூச்சு வந்தது.
அவளுக்கு வரவில்லை.
வெளுத்துச் சுருங்கிய கையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"அப்ப இந்தப் பத்து நாள் கூலி?"

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
முந்தானை முடிச்சிலிருந்து வளையல்களை எடுத்து
அவள் ஒவ்வொன்றாய் ஏற்றிக்கொண்டிருக்கையில்
வாசலில் ஒரு பையன்,
வலக்கையை இடக்கையால் ஏந்தியபடி,
முழங்காலில் சைக்கிள் கிரீஸ்.
பெஞ்சில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.
என்னைப் பார்த்து,
"அந்தக் குழியில அமுக்கிப் பாருங்க" என்றாள்,
"நல்லா."