ஒரு கோர் போதும்

முக்கூடல் பீடிக் கம்பெனி மாடியில்
புதுக் கம்ப்யூட்டர் வந்து பதினெட்டு நாள்.
அதன் வயிற்றுக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர்,
இரும்பில்லை, வயரில்லை,
ஒரே ஒரு கோப்பு.
புகையிலைத் தூள் அடைத்துச் செத்த வெள்ளைப் பெட்டியின்
ஹார்ட் டிஸ்கை வழித்தெடுத்து
நான்தான் உள்ளே ஊற்றினேன்.

"ஊத்துனதெல்லாம் சரிதாம்மா,
ஓடமாட்டேங்குதே" என்கிறார் கணக்கர் சொள்ளமுத்து.
பி.எஃப். எண்ணைத் தட்டினால்
பெயர் வருவதற்குள் டீ ஆறிவிடுகிறது.
விசிறி மட்டும்
மாஞ்சோலைக்கு ஏறுகிற பஸ் மாதிரி இரைகிறது.

முதலில் தாராளம் காட்டினேன்.
எட்டு ஜிபி நினைவகம், நாலு கோர்.
பார்த்த மாத்திரத்தில்
"நினைவகம் போதவில்லை" என்று சாய்ந்துவிட்டது.
அறுபத்துநாலு எம்பியில் குடித்தனம் நடத்தியது.
எட்டு ஜிபியை எண்ண
அதற்கு விரல் இல்லை.

சரி, குறைப்போம்.
இருநூற்று ஐம்பத்தாறு. கோர் ஒன்று.
ஒலி அட்டையைக் கழற்றினேன்,
அதுவே இல்லாத அட்டைதான்.
இல்லாத பிளாப்பியைத் தேடி
எழும்போதெல்லாம் இருட்டில் துழாவியது,
அதையும் பிடுங்கினேன்.
தின்னத் தின்ன வீங்கும் வட்டை
நாலு ஜிபியில் கட்டிப்போட்டேன்.
பயாஸுக்குள் போய்
கம்பெனியிலேயே பூட்டி அனுப்பிய
ஒரு வரியைத் திறந்துவிட்டேன்.
ஆன்டிவைரஸிடம் சொன்னேன்:
இந்த ஒரு கோப்பை மட்டும் மோந்து பார்க்காதே.

வேகம் வந்தது.
வந்த வேகத்தில்
"பூஜ்யத்தால் வகுக்க இயலாது" என்று நின்றது.

எழுதியவன் யாரோ,
1999இல் பாளையங்கோட்டை மாடி அறை ஒன்றில் உட்கார்ந்து
தொடங்கும்போது ஒரு சுற்று ஓடவிட்டு
எவ்வளவு நேரமாச்சு என்று பார்த்து
அதைக் கொண்டு வகுத்திருக்கிறான்.
இப்போது அந்தச் சுற்று
நேரமே ஆகாமல் முடிந்துபோகிறது.
அவனைக் குத்தம் சொல்ல முடியாது.
ஒரு மெஷின் இப்படி ஓடும் என்று
அன்றைக்கு நானும்தான் நினைக்கவில்லை,
எனக்கு அப்போது வயசு மூணு.

ஒட்டுப் போட்டேன். ஓடியது.
விசிறி அடங்கவில்லை.
யாரும் தொடாதபோதும் நூறு சதவீதம்.
என்னதான் செய்கிறாய் என்று உள்ளே எட்டிப் பார்த்தால்
ஒன்றுமே செய்யவில்லை,
கேட்டுக்கொண்டிருக்கிறது.
விசை வந்ததா விசை வந்ததா விசை வந்ததா
விநாடிக்குச் சில லட்சம் தடவை.
பழைய பெட்டியில் அது தனிக் குடித்தனம்,
எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.
இங்கே வாடகைக்கு இருக்கிறோம் என்பதை
அதற்கு யாரும் சொல்லவில்லை.

நாலு கிலோபைட்டுக்கும் குறைவான ஒரு நிரல் உண்டு.
கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே
கொஞ்சம் கண்ணை மூடு என்று சொல்வது
அதன் மொத்த வேலை.
ஏற்றினேன்.

இரைச்சல் இறங்கிய பிறகுதான்
கீழே தராசில் இலைக்கட்டு விழுவதும்
ஆற்றுப் பாலத்து லாரியும் காதில் விழுந்தது.

பெஞ்சில் முப்பிடாதி.
இது நாலாவது நடை,
நடைக்கு எழுநூறு பீடி நஷ்டம்.
மடியில் சுளகில்லாத கை
முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விடுகிறது.
சொள்ளமுத்து எண்ணைத் தட்டுகிறார்.
விரல் எடுப்பதற்குள் வந்துவிட்டது
இருபத்திரண்டு வருஷம், மாத வாரியாக,
கடைசிக் காசு வரை.
பெயர்: முப்பிலாதி.

"இது யாரு?" என்கிறாள்.
"சீக்கிரமா வந்துட்டு தாயி,
தப்பா வந்துட்டு."

திருத்த ஒரு விசை இருக்கிறது.
அழுத்தினார்.
கடவுச்சொல் கேட்டது.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் பாளையங்கோட்டைப் பக்கம் பார்த்தேன்.

பச்சைக் கோடு ஒன்று
மினுக்கி மினுக்கிக் காத்திருக்கிறது,
அவசரமே இல்லாமல்,
விசிறிச் சத்தமும் இல்லாமல்.