இடது தோள்

லியாண்டர் பார்டி அதைப் பழைய பாய்த்துணியில் சுற்றி
பிப்ரவரிப் பனியோடு உள்ளே கொண்டுவந்தார்.
"ஆம்ப்ரோஸ் பெரியப்பாவுடையது.
ஆறடி இரண்டங்குலம். ஒரே காலையில் நாற்பது டர் பறவை.
செயின்ட் ஜான்ஸில் ஒருவர்
கதையோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறாராம்.
சுடும்படி ஆக்கி, விலை எழுதித் தாருங்கள்."

கதையைக் கதவோரம் அவருடைய பூட்ஸ்களுக்குப் பக்கத்தில்
இருக்கட்டும் என்று விட்டேன்.

குழல்களைத் தனியே கழற்றி
ஒற்றை விரலில் தொங்கவிட்டு முட்டியால் தட்டினேன்.
மணியாய்த்தான் ஒலித்தது,
ஆனால் அடியில் ஒரு சிணுங்கல்.
நடுப்பட்டை எங்கோ பற்றாசு விட்டிருக்கிறது.

முறுக்கு இரும்பு. துருவைத் துடைக்கத் துடைக்க
வரிவரியாய்ச் சுருள்கள் மேலே வந்தன.
முட்டை வளையத்துக்குள் மூன்று எழுத்து:
லியேஜ் நகரத்துச் சோதனை முத்திரை.
கருமருந்துக் காலத்துப் பிறவி.
இதற்குள் இன்றைய தோட்டாவைத் திணிப்பது
பொக்கை வாய்க்குக் கல் கொடுப்பது.

சுவர்க்கனம் அளந்தேன்.
அங்குலத்தை ஆயிரமாய்ப் பகுத்தால்
இடக்குழலில் முப்பத்தொன்று,
வலக்குழலில், ஓரிடத்தில், பதினேழு.
இருபதுக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவதில்லை.
கடல் உள்ளே உட்கார்ந்து தின்றிருக்கிறது.

இரண்டு வாரம்.
திருகாணி ஒவ்வொன்றின் பிளவுக்கும்
ஒரு திருப்புளியை அரைத்துப் பொருத்தினேன்.
வலக்குதிரைக்கு வில் முறிந்திருந்தது.
இடக்குதிரை பாதி இழுப்பில் நிற்கவில்லை,
தும்மினால் விழும்.
ஆடும் படகில் இதை வைத்திருந்தவருக்கு
ஆயுள் கெட்டி.

பிறகு கட்டை.
ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியை வைத்ததும்
நசுங்கல்கள் பெருமூச்சோடு எழுந்தன.
ஒன்று மட்டும் எழவில்லை.
அது நசுங்கல் இல்லை, தேய்மானம்:
கன்னம் படும் இடம்,
ஆனால் வலப்பக்கத்தில்.
இடது தோளில் வைப்பவருக்கே அங்கே கன்னம் படும்.
பின்முனை ரம்பத்தால் அறுக்கப்பட்டு
கொம்புத்தகடு மறுபடி அறையப்பட்டிருந்தது,
இரண்டு செப்புப் படகாணிகளால்.
விசையிலிருந்து முனைவரை பதின்மூன்று அங்குலம்.
ஆறடி இரண்டங்குலக்காரர் இதைத் தூக்கிச் சுட்டால்
அவர் கட்டைவிரலே அவர் மூக்கை உடைக்கும்.

சொன்னேன்.
லியாண்டர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.
"செலினா பெரியம்மா," என்றார்.
"எழுதும் கைக்காகப் பள்ளியில் பிரம்படி பட்டவள்."
பிறகு, கணக்குப் போடுகிறவர் குரலில்:
"டர் பறவை குளிர்காலத்தில்தான் வரும்.
குளிர்காலம் முழுக்க அவர் மரவெட்டு முகாமில்தானே இருந்தார்."

நான் ஒன்றும் சேர்க்கவில்லை.
சீட்டில் எழுதினேன்:
பன்னிரண்டு போர். வலக்குழல் சுடத் தகாது.
சுவரில் மாட்ட, முந்நூறு டாலர்.
கட்டை குறுக்கப்பட்டது, இடது தோளுக்கு.

"கடைசி வரியை விட்டுவிடலாமா?
அவர் ஆம்ப்ரோஸுக்குத்தான் காசு கொடுக்கிறார்."
"விலையை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள்,
அளவை மாற்ற எனக்கு வராது."
காசை எண்ணி வைத்தார். ஐந்து டாலர் கூடுதல்.
ஏன் என்று கேட்குமுன் வண்டி கிளம்பிவிட்டது.

ஆளி எண்ணெய் பூசும்போது
அந்தத் தேய்ந்த இடத்தை மட்டும் நான் உரசவில்லை.
அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

இரவு ஒன்பதரைக்குத் தொலைபேசி.
"பதின்மூன்று அங்குலம் என்றால்
அவள் எவ்வளவு உயரம் இருந்திருப்பாள்?"
"உயரம் தெரியாது. முழங்கையை மடக்குங்கள்.
மடிப்பிலிருந்து விசைவிரல்வரை, ஏறத்தாழ அவ்வளவு."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம்.
இழுப்பறை. அளவுநாடா உருளும் சரசரப்பு.
பிறகு யாரையோ, அடுத்த அறையிலிருந்து,
பேர் சொல்லிக் கூப்பிட்டார்.
"இங்கே வா. கையை நீட்டு.
அது இல்லை, மற்றது."