வேறு ஊரின் வரைபடம்

பதினோராம் இருக்கையில்
யாரோ விட்டுப்போன மடிப்புத் தாள்.
கப்பல் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டது.

துறைமுக வாசலிலிருந்து மத்ரா கடைவீதி வரை
பயணிகளை ஏற்றி இறக்குகிறவன் நான்.
குடை, கண்ணாடி, ஒற்றைச் செருப்பு,
ஒருமுறை கீழ்வரிசைப் பல்செட்,
எதுவானாலும் ஆபீசில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவேன்.
தாளைக் கொடுக்கவில்லை.
வளைந்த ஒரு துறை, அதன் வாயில் இரண்டு கோபுரம்,
ஒன்று முதல் பன்னிரண்டு வரை சிவப்பு எண்கள்.
நம்ம ஊர்தான் என்று நினைத்தேன்.
(மஸ்கட்டை நம்ம ஊர் என்று நினைத்ததை
அப்போது கவனிக்கவில்லை.)

படமெடுத்து நெயினாவுக்கு அனுப்பினேன்.
காரைக்கால்காரர். சோஹாரில் கிரேன் ஓட்டுகிறார்.
பிரெஞ்சுப் பள்ளியில் அடிவாங்கிப் படித்தவர்.
குரல்பதிவில் சிரிப்புதான் முதலில் வந்தது:
"மஸ்கட் இல்லப்பா இது, லா ரோஷெல்.
பிரான்ஸ்ல ஒரு பழைய துறைமுகம்.
கைடு இல்லாம நீயா நடந்து பாக்குற தாளு.
ரெண்டு மணி நேரமாம்.
நல்ல செருப்பு போட்டுக்கச் சொல்லுது."

வெள்ளிக்கிழமை மாலை
நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

கடலுக்கு முதுகைக் காட்டி நில் என்றது ஒன்று.
எட்டு வருடத்தில் அப்படி நின்றதே இல்லை;
என் வேலை கப்பலைப் பார்த்து நிற்பது.
மலை இவ்வளவு பக்கத்திலா இருந்தது?
வெள்ளை மாடமொன்றில் ஒருத்தி
காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு, மணிக்கூண்டு வாசல்.
மணிக்கூண்டுக்கு எங்கே போவது?
சந்தை முகப்பில் கைக்கடிகாரம் விற்கிற
சில்ஹெட்காரனிடம் மணி கேட்டேன்.
நாற்பது கடிகாரம், நாற்பது மணி.
எந்த ஊர் மணி வேண்டும் என்றான்.

மூன்று, மழைக்கு ஒதுங்கி வணிகர் நடந்த வளைவுகள்.
இங்கே மழை வருடத்துக்கு இரண்டு தரம்;
வந்தால் அதுவே சந்தைக்குள் நடந்து போகும்.
நான்கு மடிப்பில் கிழிந்திருந்தது.
ஐந்து இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினேன்.
சாம்பிராணிப் புகைக்குள் போன சந்து
ஒரு சுவரில் முடிந்தது.
சுவரில் ஏ.சி. பெட்டி, அதன்மேல் புறா.
ஆறு அந்தப் புறாதான் என்று வைத்துக்கொண்டேன்.

ஏழுக்கு வந்தபோது நெயினாவின் குரலில் சிரிப்பில்லை.
"இந்தத் துறையிலேர்ந்து கப்பலுங்க
ஆளுங்கள வாங்கப் போயிருக்கு.
சர்க்கரைத் தோட்டத்துக்கு.
சின்ன எழுத்துல போட்டுருக்கான்."
பிறகு கொஞ்சம் காற்றுச் சத்தம். பதிவு முடிந்தது.
இந்தக் கரையிலும் இறங்கியிருக்கிறார்கள்,
ஆப்பிரிக்காவிலிருந்து, விலை சொல்லப்பட்டு.
எந்தக் கல்லில் என்று
எந்தத் தாளும் எண் போட்டு நான் பார்த்ததில்லை.
எங்கே நிற்பது எனத் தெரியாமல்
நடந்துகொண்டே ஏழைக் கடந்தேன்.
வழியில் ஒருமுறை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.
ரெசிடென்ட் கார்டு இருந்தது.

எட்டை மறந்துவிட்டேன்.
பத்தும் பதினொன்றும் ஒயின் கடைகள்,
வெள்ளிக்கிழமையும் அதுவுமாக.

ரியாம் தாண்டி, கல்பூ தாண்டி,
உப்புக்காற்றில் தாள் படபடக்க
பழைய மஸ்கட் வந்தபோது இருட்டிவிட்டது.
அங்கே, தாளில் இருந்தபடியே,
துறையின் இரு பக்கமும் இரண்டு கோட்டை.
ஜலாலி, மிரானி, மஞ்சள் விளக்கில்.
இரவானால் இரண்டுக்கும் நடுவே
சங்கிலி இழுத்துக் கட்டுவார்கள் என்றது பன்னிரண்டு.
பாறையில் வந்துபோன கப்பல்களின் பெயர்கள்,
மாலுமிகள் வெள்ளையில் தீட்டியவை,
இந்நேரம் படிக்க முடியவில்லை.
தண்ணீரைப் பார்த்தேன். சங்கிலி இல்லை.
மீன் ஒன்று துள்ளி விழுந்த வட்டம்
இந்தக் கோட்டையையும் அந்தக் கோட்டையையும்
தொடலாம் என்று கிளம்பி
பாதியில் விட்டுவிட்டது.

"எல்லாம் பாத்தாச்சா?" என்று கேட்டார் நெயினா.
ஒன்பது பாக்கி.
ஒன்பதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்:
மழை விட்டதும் வாருங்கள்,
கல்லின் நிறம் மாறும்.

தாள் இப்போது என் பேருந்தில்
வெயில்மறைப்புக்குள் செருகியிருக்கிறது.
கப்பல் வரும் காலைகளில்
சாவியைத் திருகுமுன் ஒருமுறை குனிந்து
கண்ணாடி வழியே மேலே பார்க்கிறேன்.
பதினோராம் இருக்கைக்காரர் யாரோ,
அவர் ஊரில் இன்று மழை பெய்துகொண்டிருக்கும்.